பருவம் அறிந்த பூக்கள்: யப்பானியத் தோட்ட மரபும் கண்டாவளையின் காலமும்

யப்பானியக் கவிதை பற்றித் தமிழிலே பேச்செழுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது. 1916 ஆம் ஆண்டிலே சுதேசமித்திரனில் பாரதி அதுபற்றி எழுதினார். பின்னர், சிறப்பாக எழுபதுகளுக்குப் பின், ஹைக்கூ என்னும் வடிவம் தமிழிற் பெற்ற செல்வாக்கு யாவரும் அறிந்ததே. ஆயினும் அதனை எழுதியோரும் விதந்துரைத்தோரும் பெரும்பாலும் அதன் மூன்றடியையும் சுருக்கத்தையுமே கண்டனர். அம்மூன்றடிக்குள் ஒரு பருவச்சொல் இடம்பெற வேண்டும் என்னும் மரபு எங்கிருந்து வந்தது, அதனை விதித்தவர் யாவர், அச்சொல் எந்த நிலத்தின் மழையை அளந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்பட்டமை மிக அரிது. இவ்வினாக்களை எழுப்புவது யப்பானிய இலக்கியத்தை விளங்கிக் கொள்வதற்கு மாத்திரமன்று. நமது திணை மரபை நாம் கையாளும் முறையைச் சோதிப்பதற்கும் அவை உதவுவன. அச்சோதனைக்குரிய உரைகல்லாகக் கண்டாவளையை எடுத்துக்கொள்கிறோம்.

கண்டாவளை கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு பிரிவு. தெற்கே இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு இப்பகுதி வழியாகச் சென்று சுண்டிக்குளம் களப்பை அடைகின்றது. வாய்க்கால் நீர் எட்டும் இடத்தில் வயல். எட்டாத மேட்டில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு. களப்பை அணுக அணுக உவர்மண். மருதமும் முல்லையும் நெய்தலும் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தூரத்துள் அடங்கிவிடுகின்றன. திணை என்பது வரைபடத்திற் கோடிட்டுப் பிரித்த நிலமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. உரிப்பொருள் ஒழிந்தவை மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் விட்டுச் சென்றதையும் இங்கே நினைவுகூரலாம்.

முதலில் யப்பானியத் தோட்டத்தை நோக்குவோம். பருவந்தோறும் பூப்பனவற்றை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனநிலையையும் ஒரு விழாவையும் ஒரு கவிதைப் பொருளையும் உரிமையாக்கியமை அத்தோட்டத்தின் அடிப்படை. வேனிலின் முன்னுரையாகப் பிளம் பூ, இளவேனிலுக்குச் செர்ரி, கோடைக்கு ஐரிஸ், இலையுதிர் காலத்துக்கு மேப்பிளும் செவ்வந்தியும், பனிக்குப் பைன். 905 ஆம் ஆண்டளவில் தாய்கோ பேரரசரின் ஆணையால் கி நோ சுராயுகியும் வேறு மூவரும் தொகுத்த கொகின்ஷூவின் இருபது பகுதிகளில் முதல் ஆறும் பருவங்களாலேயே வகுக்கப்பட்டன. இளவேனிலுக்கு இரண்டு, கோடைக்கு ஒன்று, இலையுதிர் காலத்துக்கு இரண்டு, பனிக்கு ஒன்று. இவ்விகிதத்தையே ஊன்றி நோக்குதல் வேண்டும். கோடையும் பனியும் கியோத்தோவில் வாழ்ந்த பிரபுக்களுக்கு வெறுப்பான காலங்கள். ஆகவே அவற்றுக்குக் கிடைத்த பாடல்களும் சில. உழவனுக்கோ கோடையே நாற்று நடுங் காலம். ஆண்டின் மிகக் கடுமையான உழைப்பு நிகழும் பருவம், ஆண்டின் மிக ஒடுங்கிய இலக்கியப் பகுதியாயிற்று.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்னும் பெண்மணி எழுதிய கெஞ்சியின் கதையிலே இவ்வொழுங்கு கட்டடமாகவே எழுந்து நிற்கிறது. கதைத்தலைவன் ரொகுஜோ மாளிகையை நான்காகப் பகுத்து, நான்கு பெண்களை நான்கு பருவத் தோட்டங்களில் இருத்துகிறான். தென்கிழக்கே இளவேனில், வடகிழக்கே கோடை, தென்மேற்கே இலையுதிர் காலம், வடமேற்கே பனி. பருவம் இங்கே வந்து போவதொன்றன்று. ஒருவனுக்கு உடைமையாகி நான்கு திசையிலும் நிலைகொண்டுவிட்டது. காலத்தையும் நிலத்தையும் பெண்ணையும் ஒருசேர உடைமையாக்கும் கற்பனை இது. தோட்டத்துக்கு வெளியே உள்ள வயலைப் பற்றிக் கதை பேசுவது மிகச் சிறிதே.

அக்காலப் பருவப் பாடல்களுட் பல நேர்க்காட்சியால் எழுந்தவையுமல்ல. திரைச்சீலைகளில் வரையப்பட்ட பருவ ஓவியங்களைக் கண்டு, ஓவியத்தின் உள்ளே நிற்கும் மனிதனாகத் தம்மைப் பாவித்துப் பாடப்பட்டவை அவை. 2012 இல் வெளியான தம் நூலில் ஹருவோ ஷிரானே இத்தகைய இயற்கையை ‘இரண்டாம் இயற்கை’ எனச் சுட்டினார். நகரத்துப் பிரபு வகுப்பு, தான் காணாத காட்டுக்கும் வயலுக்கும் பதிலாக, முற்றத்திலும் திரையிலும் ஆடையிலும் உணவுத்தட்டிலும் சமைத்துக்கொண்ட இயற்கை என்பது அதன் பொருள்.

இத்தோட்டங்களை ஆக்கிய கைகள் எவருடையவை என்பதையும் கூறியாக வேண்டும். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த சகுதெய்கி என்னும் தோட்ட நூல் தச்சிபானா நோ தொஷித்சுனா என்ற பிரபுவின் பெயரால் வழங்குகிறது. ஆனால் முரோமாச்சிக் காலத்திலே கல்லைச் சுமந்து மரத்தைப் பெயர்த்து நட்டவர்கள் ‘கவரமொனோ’ எனப்பட்டோர். ஆற்றங்கரை மனிதர் என்பது அச்சொல்லின் பொருள். தோலுரித்தல் முதலிய தொழில்களாற் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் இவர்களே. இவர்களுள் ஒருவரான சென்னாமி, ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் பணிபுரிந்து பெரும் புகழ் எய்தினார். ரியோவாஞ்சிக் கோயிற் கற்றோட்டத்தின் ஒரு கல்லின் பின்புறத்தே இரு தொழிலாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. செடியொன்றும் நடப்படாத, பாசி மட்டும் படர்ந்த அத்தோட்டம் பற்றி எழுதப்பட்ட மெய்யியல் விளக்கங்கள் ஏராளம். கல்லின் பின்புறத்தைப் பார்த்தவர்கள் சிலரே.

இதுவரை கூறியவற்றோடு நிறுத்திக்கொள்வது முற்போக்கு விமர்சனத்துக்கு எளிது. பிரபு வகுப்பின் பொழுதுபோக்கு என்று முத்திரை குத்தி அப்பாற் சென்றுவிடலாம். அவ்வாறு செய்தல் போதாது என்பதே நமது கருத்து. ஏனெனில் செர்ரிப்பூவைப் பிரபுக்கள் கண்டுபிடிக்கவில்லை. யப்பானின் வடகிழக்கே தோஹொகு உழவர் ‘விதைப்புச் செர்ரி’ என ஒரு பூவைக் குறிப்பிடுவர். பல ஊர்களில் அது செர்ரியே அன்று. கொபுஷி என்னும் வெண்பூ மரம். அது மலர்ந்தால் நெல்விதையை நாற்றங்காலில் இடவேண்டும். தாவரவியலுக்கு அவ்வழக்கு பிழை. உழவுக்கு அது முற்றிலும் சரி. செர்ரி என்பது அவர்களுக்கு ஒரு மரத்தின் பெயரன்று, ஒரு வேலையின் பெயர். பிரபு மரபு இந்த அறிவிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டது எனலாம். ஆயினும் பூவை எடுத்துக்கொண்டமையாலேயே, எந்தப் பூ எந்த நாளில் என்னும் துல்லியமான அவதானம் ஆயிரம் ஆண்டுகளாக எழுத்திலே காக்கப்பட்டது. இம்முரண்பாட்டை அதன் இருமுனையிலும் பற்றிக்கொள்ளாத விமர்சனம் அரைகுறையானது.

நமது திணை மரபுக்கு இனி வருவோம். தனிநாயக அடிகள் 1966 இல் வெளியிட்ட ஆங்கில நூல் சங்கக் கவிதையின் நிலக்காட்சியை உலகறியச் செய்தது. கார்த்திகேசு சிவத்தம்பி 1974 இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரை அந்நிலக்காட்சியின் அடியிலே சமனற்ற பொருளாதார வளர்ச்சியைக் கண்டது. இரண்டாவது நோக்கிலேயே பயின்றவர்கள் நாம். ஆனால் அந்நோக்கினைப் பின்பற்றியோர் காலப்போக்கில் உற்பத்தி முறையைப் பேசிப் பூவை மறந்தனர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கருப்பொருள் என்பது பட்டியலாகி, பரீட்சை விடையாகி, இறுதியிலே எவரும் ஏறெடுத்துப் பாராத அட்டவணையாயிற்று.

அட்டவணையைக் கண்டாவளைக்குக் கொண்டு சென்றால் நிகழ்வதென்ன? முல்லைக்குக் காரும் மாலையும் என்பது இலக்கணம். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் என உரைகாரர் வகுத்தனர். கண்டாவளையில் அவ்விரு மாதங்களும் ஆண்டின் வறண்ட காலத்தின் இறுதி. சிறுபோகம் அறுவடையாகி, இரணைமடு நீர் தாழ்ந்து, கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் காலம் அது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிலேதான் வலுக்கிறது. அதற்கு முன்பே காய்ந்த நிலத்தை உழுது புழுதி விதைப்பாக நெல்லை எறிந்துவிட்டு வானத்தை நோக்கியிருப்பவன் காலபோக உழவன். காத்திருத்தல் என்னும் முல்லையின் உரிப்பொருள் இங்கே உண்டு. ஆனால் காத்திருப்பது மழைக்கு முன்னர், காத்திருப்பவன் ஆணும்தான்.

கொன்றையின் நிலை இன்னும் சுவையானது. குறுந்தொகையின் 21 ஆம் பாடலிலே ஓதலாந்தையாரின் தலைவி, கொன்றை பூத்துக் குலுங்கினும் இது கார் என்று தான் நம்பமாட்டாள் என்கிறாள். தலைவன் பொய் சொல்லான் என்பது அவள் வாதம். 66 ஆம் பாடலிலே தோழி, பருவமல்லாத மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என மரத்தின் மீது பழி போட்டுத் தலைவியைத் தேற்றுகிறாள். நமது நிலத்திலே சரக்கொன்றை சித்திரை, வைகாசியில், இலையுதிர்த்து நிற்கும் வேனிலில், மஞ்சளாய்த் தொங்குகிறது. சிங்கள மக்கள் அதனை எசல என்பர். வெசாக் காலத்தோடு அவர்கள் மனத்தில் அது இணைந்தது. கண்டாவளைத் தலைவி கொன்றையைக் கண்டு காரென்று கருதினால் அரையாண்டு முந்திவிடுவாள். ஆகவே நூலிற் கற்ற கொன்றையைக் கார்காலக் கவிதையிலே வைக்கும் வன்னி எழுத்தாளன் கொகின்ஷூவின் திரைச்சீலைக் கவிஞனுக்கு உறவினனாகிறான். ஆனால் ஒன்றைக் கவனிக்க: இவ்விரு சங்கப் பாடல்களின் வன்மையே பூவுக்கும் பருவத்துக்கும் இடையில் விரிசல் உண்டு என்பதை அறிந்தமையிற்றான் உள்ளது. பழம்புலவர் அட்டவணையை மீறத் தெரிந்தவர். அட்டவணையை நம்புபவர் நாமே.

பாலையையும் இங்கே நோக்கலாம். பாலைத்திணை வேனிலும் நண்பகலும் பிரிவும் கொண்டது. நீரற்ற வழி, வாடிய மரம், ஆறலைகள்வர். வன்னியிற் பாலை என்பதோ வேறொரு மரம். திணைக்குப் பெயர் தந்ததென ஆய்வாளர் கருதும் மரத்தோடு பெயரளவில் மாத்திரம் உறவுடையது அது. வேனில் முற்றும் வேளையில் அம்மரம் பழுக்கும். சிறுவரும் பெண்களும் காட்டுக்குட் செல்வர். உதடுகள் ஒட்டிக்கொள்ளப் பழமுண்பர். மிகுந்ததை உமலிலும் வாளியிலும் கொணர்ந்து சந்தையில் விற்பர். இலக்கணத்திலே வறுமையின் பெயர் எதுவோ, காட்டிலே இனிமையின் பெயர் அது. வயலில் வேலையற்ற காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் கைச்செலவு தந்தது அப்பழம் என்பதையும் மறத்தலாகாது. இவ்வொரு முரணிலிருந்தே ஒரு புதிய பாலைக் கவிதை பிறந்திருக்கலாம். பிறந்ததாக நாமறியோம்.

உரைநடை சற்று முன்னேறிச் சென்றது. அ. பாலமனோகரனின் நிலக்கிளி (1973) தண்ணிமுறிப்புக் காட்டைக் களமாகக் கொண்ட நாவல். அங்கே காடு வருணனைக்காக நிற்கவில்லை. வெட்டுவதற்கும் வேட்டையாடுவதற்கும் விதைப்பதற்குமாக நிற்கிறது. உயரப் பறக்காத, நிலத்துப் பொந்தில் வாழும் பறவை பதஞ்சலிக்குக் குறியீடாவது அந்நிலத்து மக்களின் அவதானத்திலிருந்து பிறந்தது; அட்டவணையிலிருந்து பெறப்பட்டதன்று. கதை சில இடங்களில் மிகையுணர்ச்சிக்கு இடந்தரினும், கருப்பொருள் உரிப்பொருளாகும் வித்தையை அது அறிந்திருந்தது.

யப்பானையும் வடஇலங்கையையும் நேரே இணைத்த ஒரு முயற்சியையும் இவ்விடத்து மதிப்பிடல் தகும். மொழியியலறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டு என வாதிட்டு 1980 இல் ஒலியொப்புமை பற்றிய நூலை வெளியிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்து உழைத்தனர். மன்யோசுப் பாடல்கள் தமிழுக்கு வந்தமை அவ்வுழைப்பின் பேறு. நமது தைப்பொங்கலுக்கும் யப்பானியச் சிறு புத்தாண்டுக்கும் உள்ள ஒற்றுமைகளை ஓனோ எடுத்துக்காட்டினார். முதன் மாதத்துப் பதினைந்தாம் நாளில் சிவந்த பயறிட்ட கஞ்சி காய்ச்சுதலும், சிறுவர் பாடிக்கொண்டு பறவைகளை விரட்டுதலும் அங்குள்ள வழக்கங்கள். மொழியுறவுக் கோட்பாட்டை மொழியியலாளருட் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நாமும் இனமூலம் தேடும் ஆர்வத்தை ஐயத்துடனேயே நோக்குகிறோம். எனினும் ஓனோ கண்ட ஒற்றுமைகள் பொய்யல்ல. நெல்லை விளைவிப்போர் எங்கும் பறவைக்கு அஞ்சுவர். எங்கும் முதற் கதிரைப் புனிதமாக்குவர். கண்டாவளையிற் புதிர் எடுக்கும் வீட்டுக்கும் தோஹொகுவிற் பறவை விரட்டும் சிறுவனுக்கும் பொதுவானது குருதியன்று, வயல்.

விழாக்களும் அவ்வாறே. இப்பிரிவிலுள்ள புளியம்பொக்கணை, புளிய மரத்தைத் தன் பெயரிலேயே சுமக்கும் ஊர். அங்குள்ள நாகதம்பிரான் கோயிலின் பொங்கல் பங்குனி உத்தரத்தில் நிகழ்கிறது. காலபோக நெல் வீடு வந்து சேர்ந்தபின், சிறுபோக விதைப்புக்கு முன், கையில் அரிசியும் காலில் ஓய்வும் உள்ள இடைவெளி அது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் பொங்கல் வைகாசியில். பஞ்சாங்கம் இந்நாட்களைக் குறிக்கின்றது, தீர்மானித்தது பயிர்.

1873 இல் மெய்ஜி அரசு மேனாட்டு நாட்காட்டியைப் புகுத்தியபோது யப்பானியப் பருவச்சொற்கள் பெருங் குழப்பத்துக்குள்ளாயின. இலையுதிர் காலத்துக்குரிய தனபத்தா விழா ஜூலை ஏழாக மாறி மழைக்காலத்திற் போய் விழுந்தது. ‘சைஜிகி’ என்னும் பருவச்சொல் அகராதிகளோ அதனை இன்றும் இலையுதிர் காலத்திலேயே வைத்துள்ளன. கியோத்தோவின் பூக்காலத்தை ஓக்கினாவாவிலும் ஹொக்கைடோவிலும் திணித்தமை வேறொரு பிழை. ஓக்கினாவாவிற் செர்ரி பூப்பது ஜனவரியில். தலைநகரின் பருவம் நாட்டின் பருவமாதல் எங்கும் காணக்கூடியதே. நமது பாடநூல்கள் தமிழகத்தின் கார்காலத்தைக் கண்டாவளை மாணவருக்குக் கற்பிப்பதும் இவ்வகையினதே.

பூ அரசியலாகும் வேளையில் இவ்வினா கூர்மையடைகிறது. ஒரே நாளிற் பூத்து ஒரே காற்றில் உதிரும் செர்ரியை யப்பானியப் பேரரசு போர்வீரனின் மரணத்துக்கு உவமையாக்கிற்று. 1945 இல் தற்கொலைத் தாக்குதலுக்கென ஏவப்பட்ட விமானத்துக்கு ‘செர்ரிப்பூ’ என்றே பெயர். உழவனுக்கு விதைப்பைச் சொன்ன பூ இளைஞனுக்குச் சாவைச் சொல்லலாயிற்று. வன்னியிலே கார்த்திகைப்பூவுக்கும் நெடிய வரலாறுண்டு. சங்கத்திலே காந்தள் குறிஞ்சிக்குரியது. மலையே இல்லாத வன்னியில் அது மழை பிடித்ததும் வேலிகளிலும் பற்றைகளிலும் கொடியோடிச் சுடர்விடும். கிழங்கு நஞ்சு என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பர். விடுதலைப் புலிகள் அதனைத் தேசியப் பூவாக்கினர். 1989 முதல் நவம்பர் 27 இல் அனுட்டிக்கப்பட்ட நினைவுநாளின் சின்னமுமாயிற்று. இன்று அப்பூவை ஒருவர் கவிதையில் எழுதினால் வாசகர் வேலியைக் காண்பதில்லை. இறந்தோரை நினைக்கும் உரிமையை நாம் ஐயுறவில்லை. ஒரு பூ ஒரேயொரு பொருளுக்குள் அடைபட்டபின் அதனைப் பற்றி எழுதுவோனுக்கு எஞ்சுவது என்ன என்பதே விமர்சகனின் கவலை. செர்ரியின் கதையில் யப்பானியர் எண்பது ஆண்டுகளாகியும் இவ்வினாவுக்கு முற்றாக விடை காணவில்லை.

பருவமே வேண்டாம் என்றோரும் யப்பானில் இருந்தனர். கியோத்தோப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையோர் 1933 இல் தொடங்கிய ஹைக்கூ இதழின் இளங் கவிஞர் பலர் பருவச்சொல்லின்றி எழுதினர். சீனத்துப் போர்க்களத்துக்குப் பிளம் பூவும் பனியும் எதற்கு என்பது அவர்கள் நிலைப்பாடு. 1940 இல் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் கைதுசெய்யப்பட்டனர். பருவச்சொல்லை விடுதலே அரச விரோதமாகக் கருதப்படும் அளவுக்கு மரபு ஆட்சியோடு ஒன்றியிருந்தது. முற்போக்காளர் என்ற வகையில் நமது அனுதாபம் முற்றாக அக்கவிஞர் பக்கமே. ஆனால் போருக்குப் பருவமில்லை என்னும் அவர்கள் முடிபை வன்னியின் அனுபவம் ஏற்குமா?

2009 ஜனவரியிலே தருமபுரம், விசுவமடுப் பக்கங்களிலிருந்து மக்கள் கிழக்கே பெயர்ந்தபோது அது தை மாதம். அருவி வெட்டும் காலம். போர் முடிந்தது வைகாசியில். வற்றாப்பளைப் பொங்கலின் மாதம். மீள வந்தோர் கண்டவற்றுள் பாதீனியமும் ஒன்று. 1987 இல் இந்தியப் படையினருக்கு உணவாகக் கொணரப்பட்ட ஆடுகளோடு வந்ததென மக்கள் கூறும் அச்செடிக்கு விழாவுமில்லை, பாட்டுமில்லை. சிறு வெண்பூ ஈரங் கண்ட போதெல்லாம் பூக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கண்டாவளை வெள்ளத்துள் அமிழ்ந்தபோது மார்கழி. காலபோகப் பயிர் வயலில் நின்றது. இழப்பை ஆண்டினாற் சொல்வோர் நாம். அவ்வூரார் பயிரின் வளர்ச்சியினாற் சொல்வர். விதைத்த பின்னா, குடலைப் பருவத்திலா, கதிர் முற்றிய பின்னா என்பது அவர்கள் கணக்கு.

கண்டாவளைக்கு ஒரு சைஜிகி தொகுப்பதாயின் இக்கணக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அதில் யாருடைய சொற்கள் இடம்பெறும் என்பது இலகுவாகத் தீரும் வினாவன்று. இரணைமடுக் காணிக்காரனின் பருவமும் அவனிடம் கூலிக்குச் சென்றவளின் பருவமும் ஒன்றல்ல. முன்னவனுக்குத் தை வரவு, பின்னவளுக்குத் தை கடும் வேலை, அதன் பின் நீண்ட பஞ்சம். மலையகத்திலிருந்து வன்செயலாற் துரத்தப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியோர் தேயிலைக் கொழுந்தின் காலக்கணக்கைத் தம்மோடு கொண்டுவந்தனர். அவர்கள் தோட்டம் என்று சொல்லும்போது அச்சொல்லின் பொருள் கெஞ்சியின் தோட்டமுமன்று, நம் வீட்டுப் பின்வளவுமன்று. அவர்கள் முதன்முறை பாலைப்பழம் உண்ட வேனிலை எவரும் இன்னும் எழுதவில்லை.